மலட்டுப்பூ

ராஜராஜேஸ்வரிக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அது அவளுடைய தொழில் கொடுத்த குணம். கோபுரவாசலுக்கு எதிரே செருப்பு பார்த்துக்கொள்ளும் கடை வைத்திருக்கிறாள். வார் பிய்ந்த செருப்பை விட்டுவிட்டுக் கிரிவலம் போகிறவன், திரும்பி வந்ததும் பளபளக்கிற புது ஜோடியைக் காட்டி, "அதாங்க என்னுது" என்பான். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயில் அரோகரா இருக்கும், கையில் டோக்கன் மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட ஆட்களையே பார்த்துப் பார்த்து, மனிதர்களின் முகத்தை விட்டுக் காலைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டாள்.

புருஷன் போனபிறகு அந்தக் கடையை வைத்தே மகன் ஸ்கந்தனைப் படிக்க வைத்தாள். வேங்கிக்காலில் சின்னதாக ஒரு வீடும் கட்டினாள். கட்டும்போது மேஸ்திரிமேல் சந்தேகம். சிமென்ட் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டாள். பால்காரர், கேஸ்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் யாரும் தப்பவில்லை. அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன் ஸ்கந்தன்தான்.

மருமகள் ஆர்த்தி வந்து ஆறு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. மாத்திரை, ஸ்கேன், ஊசி, வெறும் வயிற்றில் வேப்பிலை உருண்டை என்று அந்தப் பெண் எதையும் விட்டுவைக்கவில்லை. "இவங்களுக்கு ஒரு கோளாறும் இல்ல, வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதும், துணைக்குப் போயிருந்த ராஜராஜேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்புள்ளைக்கு என்ன கொறைச்சல்? ஆம்பளையப் போயி டெஸ்ட் பண்ணுவாங்களா?" என்று அங்கேயே சத்தம்போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கே டாக்டரம்மாவும் சந்தேகக் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

இந்த மார்கழியில் அவளுடைய சந்தேகம் முழுக்கப் பரங்கிக்கொடிமேல் திரும்பியது. பின்பக்கம் அவளே விதை ஊன்றி, பாத்ரூம் ஷீட்டின்மேல் ஏற்றிவிட்ட கொடி. பூ கொள்ளை கொள்ளையாகப் பூக்கிறது. ஒரு பிஞ்சுகூட நிற்பதில்லை. கோலிகுண்டு அளவுக்கு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது.

யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள். முதலில் வேர். யாராவது சுடுதண்ணீர் ஊற்றியிருப்பார்களோ என்று மண்ணைக் கிளறிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற சல்லிவேர்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சௌக்கியமாக இருந்தன. அடுத்தது தண்டு. கத்தி பட்ட தடம் எங்கும் இல்லை. நுனியில் நகத்தால் கிள்ளினால் நீர் சொட்டியது, அடியிலிருந்து தண்ணீர் அதுவரைக்கும் தடையில்லாமல் ஏறுகிறது என்று அர்த்தம். இலைகளோ தாம்பாளம் தாம்பாளமாக விரிந்து, வெயிலை வாங்கி முழுக் கொடிக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தன. பற்றுக்கம்பி கூடப் பிடித்த கயிற்றை விடவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார்கள். அப்படியானால் கோளாறு வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

ஆர்த்தியின் கையில் ஒருநாள் உதிர்ந்த பிஞ்சு ஒன்று இருந்ததைப் பார்த்தாள். போதாதா?

"உன்கூட ஜெராக்ஸ் கடையில வேலை செய்யுதே உம்மே ஹானி, அது வூட்டுக் கொடியில காய்க்குதாம். இங்க மட்டும் ஏன் உதிருது? வவுறு எரியுறவ கண்ணு பட்டா எப்படி நிக்கும்?"

ஆர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் ஆர்த்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சாணி உருண்டையில் செருகப் பூ பறித்து வருவது எப்போதும் ராஜராஜேஸ்வரியின் வேலை. அடியில் பிஞ்சு உள்ள பூவை அவள் தொடமாட்டாள். வெறும் காம்பில் நிற்கிற பூக்களை ஒன்று விடாமல் பறித்து, மிஞ்சியதை அக்கம்பக்கத்து வாசல்களுக்கும் கொடுப்பாள்.

"எல்லாம் மலட்டுப்பூ. கொடியில கெடந்து என்ன பண்ணப்போவுது? கோலத்துக்காவது ஆவட்டும்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

ஆர்த்தி கோலத்தைப் பாதியில் விட்டாள். மாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். "போகிக்கு முன்னாடி நான் போளூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறேங்க. திரும்பி வர்றதா இல்ல" என்று ஸ்கந்தனிடம் அவள் சொன்னது வாசல்வரை கேட்டது. ஸ்கந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

போகிறவள் பழியை நம் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவாளே, அதற்குமுன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ராஜராஜேஸ்வரிக்குப் பரபரத்தது. கடைக்குக் கிளம்புவதுபோலப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழங்கால் வலிக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உம்மே ஹானியின் ஸ்கூட்டி வந்து நின்றது. இரண்டு பெண்களும் பின்பக்கம் வந்தார்கள். உம்மே ஹானி ஒரு டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஆர்த்தி அதிலிருந்து எதையோ எடுத்து, பிஞ்சோடு விரிந்திருந்த பூவின் நடுவில் வைத்துத் தேய்த்தாள். ராஜராஜேஸ்வரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாட்டுனியா! என்ன மருந்துடி வெக்கிற?"

ஆர்த்தி கையை உதறவில்லை. விரலை விரித்துக் காட்டினாள். இதழ் கிழித்த ஒரு பரங்கிப்பூவும் கொஞ்சம் மஞ்சள் தூளும்தான் இருந்தன.

"மகரந்தம் அத்தை. பிஞ்சு இல்லாத பூ மலட்டுப்பூ இல்ல, ஆம்பளைப் பூ. இந்தத் தூளு அதுலதான் இருக்கு. தேனீ அத எடுத்தாந்து இந்தப் பொம்பளைப் பூவுல வெச்சாத்தான் பிஞ்சு நிக்கும். நீங்க விடியறதுக்குள்ள ஆம்பளைப் பூ மொத்தத்தையும் பறிச்சிடுறீங்க. இது தனியா என்ன பண்ணும்?"

"எங்க வூட்ல மார்கழிக் கோலம் போடறதில்லைங்களே அக்கா, அதான் பூவெல்லாம் கொடியிலயே கெடக்குது. அதுலருந்துதான் பறிச்சாந்தேன்" என்றாள் உம்மே ஹானி.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன் அத்தை. கண்ணு படுதுன்னீங்க."

ராஜராஜேஸ்வரி நம்பவில்லை. இதழ் கிழித்த பூ ஒன்றைக் கண்டதும் நம்பிவிடுகிற ஆளா அவள்? கடைப் பையிலிருந்து ஒரு செருப்பு டோக்கனை எடுத்து, ஆர்த்தி தொட்ட பிஞ்சின் காம்பில் நூலால் தளர்வாகக் கட்டினாள். யார் சொல்வது நிஜம் என்று பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆர்த்தி ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் ராஜராஜேஸ்வரி கொடியைப் போய்ப் பார்த்தாள். சுற்றிலும் மற்ற பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. டோக்கன் கட்டிய பிஞ்சு மட்டும் கைமுட்டி அளவுக்குப் பருத்து, பச்சைப் பசேலென்று தொங்கியது. அதைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்தாள். வேரைச் சந்தேகப்பட்டாயிற்று, தண்டைச் சந்தேகப்பட்டாயிற்று. குறையே இல்லாத பூவைத்தான் தினமும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

உள்ளே ஸ்கந்தன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு லீவு போடு. ஆர்த்தியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. டெஸ்ட்டு அவளுக்கு இல்ல, உனக்கு."

"எனக்கென்னம்மா? என்மேலயே சந்தேகமா?"

"ஊருல ஒருத்தர் பாக்கியில்லாம சந்தேகப்பட்டேன். உன்ன மட்டும் விட்டுட்டேன்டா, தப்பு பண்ணிட்டேன்."

அறையிலிருந்து பெட்டியோடு வந்த ஆர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். அங்கே தேடிவிட்டுத் திரும்பினாள்.

"அத்தை, என் செருப்பைப் பாத்தீங்களா?"

ராஜராஜேஸ்வரி அதைத் தன் முந்தானைக்குள் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கடைக்குரல்.

"டோக்கன் இல்லாம தரமாட்டேன்."