மூக்குக்காரன் கொட்டிய பால்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மூக்குக்காரன் அந்த ரகம் அல்ல. வெளுத்தது எதுவானாலும் முதலில் சந்தேகப்படு, பிறகு மோந்து பார், அப்புறம் பேசு என்பது அவன் கொள்கை. பால் சேகரிப்பு நிலையத்தில் அவனுக்கு வேலையே அதுதான். விடிவதற்குள் வந்து நிற்கும் கேன்களை ஒவ்வொன்றாகத் திறப்பான், மூக்கை நீட்டுவான், 'போகலாம்' என்பான் அல்லது 'கொட்டு' என்பான். கருவிகள் பிறகு வந்து ஆமாம் போடும். கெட்ட பாலைத் திருப்பி அனுப்பினால் வேறெங்காவது விற்றுவிடுவார்கள் என்று அங்கேயே சாக்கடையில் கவிழ்த்துவிடுவது வழக்கம். கெஞ்சினாலும் கொட்டு, மிஞ்சினாலும் கொட்டு. மூக்குக்காரன் என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். அதை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

அவன் மனைவி பேருந்து ஓட்டுகிறவள். அவ்வளவு பெரிய வண்டியைக் குறுகின தெருவுக்குள் நுழைத்து, யார் மேலும் உரசாமல் வெளியே கொண்டுவந்துவிடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அவள் முகத்தில் வருகிற களை கல்யாணப் போட்டோவில்கூட இல்லை என்று அவனே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அவளிடம் மட்டும் சொன்னதில்லை. தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம்.

மகள் பிறந்தாள். குழந்தைக்குக் கழுத்து நிற்பதற்குள் விடுப்பு முடிந்துவிட்டது. காலையில் அவன் வீடு திரும்பியதும் அவள் கிளம்பியாக வேண்டும். பகலெல்லாம் குழந்தை அவன் பொறுப்பு. அதற்காகவே அவள் முன்கூட்டியே பால் எடுத்து, சின்னப் புட்டிகளில் ஊற்றி, தேதி ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்கி வைத்தாள். முதல் நாளே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும், அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கினால் போதும் என்றெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்தாள்.

"பால் விஷயத்த எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தான் அவன். மீன்குஞ்சுக்கு யாராவது நீச்சல் சொல்லித் தருவார்களா என்கிற மிதப்பு.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பாப்போங்க. பாப்பா பசியில அழுது கெடந்தான்னு தெரிஞ்சா, அடுத்த நாளே வேலைய விட்டுடுவேன்."

சொன்னால் செய்கிறவள். ஸ்டியரிங் இல்லாத அவளை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எப்படியாவது அந்த வாரத்தை ஓட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டான்.

முதல் சில நாள் பிரச்சினையில்லை. முந்தின நாள் எடுத்த பாலே போதுமானதாக இருந்தது. குழந்தை குடித்தாள், தூங்கினாள், அவன் சட்டையில் கக்கினாள். 'பிள்ளை வளர்ப்பது இவ்வளவுதானா?' என்று அவன் தெருவில் பேசத் தொடங்கிய சமயம், ஃப்ரீசரிலிருந்து இறக்கிய பாலின் முறை வந்தது. மிச்சம் இருந்ததே அதுதான்.

புட்டியை வெந்நீரில் நிறுத்தினான். மூடியைத் திறந்தான். பழக்கதோஷம், மூக்கை நீட்டினான்.

சோப்பு வாசனை!

நிலையத்தில் சோப்பு வாசனை அடித்தால் அது கெட்ட பால், அதற்கு மேல்முறையீடே கிடையாது. அடுத்த புட்டியைத் திறந்தான், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கை தானாகவே ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தது. தன் குழந்தையைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் புட்டிகளைக் கழுவியும் வைத்தான். கடைசிப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதுதான், அடுத்து குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்கிற கேள்வி அவன் மண்டைக்குள் நுழைந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்தாள். விழித்தவள் ஊரைக் கூட்டினாள். அவன் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்கும் அலைந்தான். பாடிப் பார்த்தான், அழுகை கூடியது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவிக்குப் போன் செய்யவும் வழியில்லை, வண்டி ஓட்டும்போது அணைத்து வைத்திருப்பாள். குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினான்.

நல்லவேளை, அவள் வண்டியே வந்தது. ஏறினான். கண்ணாடியில் அவனைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"என்னாச்சு?"

"பசி."

"வீட்ல பால் இருந்துச்சே?"

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் கியரைப் போட்டாள்.

"ஏம்ப்பா, பச்சப்புள்ளய இப்படி அழ விடுறியே, அம்மா எங்க?" என்று ஒரு பாட்டம் திட்டினார் முன்சீட்டுக்காரர்.

"ஓட்டிட்டு இருக்காங்க."

மொத்தப் பேருந்தும் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தது. குழந்தையின் அழுகை கேட்கக் கேட்க அவளுக்குப் பால் சுரந்து சீருடை நனைந்துகொண்டிருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனாலும் கை தடுமாறவில்லை. நிறுத்தங்களில் இறங்குகிறவர்கள் தாங்களாகவே அவசரமாக இறங்கினார்கள். சில்லறைக்காக ஒருவரும் கண்டக்டரிடம் சண்டை போடவில்லை.

கடைசி நிறுத்தத்தில் கண்டக்டரம்மா எல்லாரையும் இறக்கிவிட்டு, ஜன்னலில் தன் துண்டைக் கட்டிவிட்டு, கீழே போய்க் கதவுக்குக் காவல் நின்றாள். அழுகை நின்றது. மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க. பால் எங்க?"

"கொட்டிட்டேன். சோப்பு வாசன அடிச்சுது. கெட்டுப்போச்சுன்னு..."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எடுத்து வச்ச தாய்ப்பால்ல சில பேருக்கு அப்படி வாசன வரும், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நர்சு சொன்னாங்களே! பக்கத்துலதான நின்னீங்க? அவங்க டீயில தண்ணி ஜாஸ்தின்னு மோந்து பாத்துட்டு இருந்தீங்க!"

அவள் குரல் இறங்கியது.

"சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம, பணிமனையில ஒரு மூலை ரூம்ல உக்காந்து தினமும் பால் எடுக்கறேங்க. கதவத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. இத்தனைக்கும் அப்புறமும் இவ பசியில அழுறான்னா, எனக்கு எதுக்கு இந்த வேலை? இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அந்த மூலையைப் பற்றி அவனுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கேன்காரர்கள் கெஞ்சும்போதெல்லாம் விறைத்துக்கொண்டு நின்ற ஆள், இப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு பண்ணது நான். அதுக்கு நீ ஏன் எழுதிக் குடுக்கணும்?" என்றான். "நீ வீட்ல உக்காந்துட்டா இவ யாரப் பாத்து வளருவா? கேனுக்குக் கேன் மோந்து பாக்கறவனயா?"

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"நீ ஓட்டும்போது எவ்வளவு அழகா இருக்க தெரியுமா?" என்றான் அவன், தலை குனிந்தபடியே.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"பயம்."

குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிட்டாள். இன்னொரு பக்கத்துப் பாலை, கைப்பையிலிருந்த புட்டியில் எடுத்து மூடி அவனிடம் கொடுத்தாள். வண்டி கிளம்பும் நேரமாகிவிட்டது என்று நேரக் காப்பாளர் வெளியிலிருந்து கத்தினார். கண்டக்டரம்மா அவரைவிட உரக்கக் கத்தினாள்.

ஆட்கள் ஏறினார்கள். தூங்கும் குழந்தையைப் பார்த்து, பேசிக்கொண்டே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வீட்டு நிறுத்தத்தில் அவன் இறங்கிச் சாலையைக் கடக்கும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின.

மறுநாள் காலையும் அந்த வண்டியை அவள்தான் எடுத்தாள்.