அம்மாவை எடுத்த அன்று எங்கள் தெரு

அம்மா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் இறந்துபோனாள். ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது இரண்டு வெளியூர் கார்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரன் அடித்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். முழுவாழ்க்கையும் வாழ்ந்த தெருவுக்குப் பிணமாகத் திரும்பியவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

அந்த எதிர்வீட்டை நாங்கள் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அவருடைய மருமகளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. அம்மாவும் அத்தையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவர்கள். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் எதிர்வீட்டுக் குழம்பு சட்டியோடு வரும். அம்மா கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வாள். தெருவில் யார் இறந்தாலும் சொல்தா வீட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். வந்தவர்கள் உட்காருவது, தண்ணீர் குடிப்பது, அவசரத்துக்கு ஒதுங்குவது எல்லாம் அங்கேதான். அப்பா சாவுக்கும் அப்படித்தான் நடந்தது.

அத்தையின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், இறந்த பிறகு, பிள்ளைகள் சொன்னார்கள் என்று அத்தை வீட்டை நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டு மூலக்குளத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சொல்தா வீடு கெஸ்ட் ஹவுஸ் ஆனது. சுவருக்கு மஞ்சள் அடித்து, வாசலில் போகன்வில்லாவை ஏற்றிவிட்டார்கள். பெரியவர் ராணுவ உடுப்பில் நிற்கும் போட்டோவை அலங்காரத்துக்குக் கேட்டு வாங்கி, வரவேற்பறையில் மாட்டிக்கொண்டார்கள். அதற்குள் தெருவில் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அப்படியே ஆகியிருந்தன. ஒன்று காபி கடை, ஒன்று துணிக்கடை, ஒன்றில் யோகா. நாங்களும் பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணன் குடும்பமும்தான் மிச்சம்.

பந்தல் போட ஆரம்பித்ததும் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் வந்தார். நன்றாகவே பேசினார். முதலில் வருத்தம் தெரிவித்தார். அப்புறம் என் தம்பியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், “எப்ப சார் எடுக்கறீங்க?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. மத்தியானம் புது கெஸ்ட் வருகிறார்களாம். சனிக்கிழமை தோறும் அவர்கள் மொட்டைமாடிப் பாட்டில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். படுக்கையில் கிடந்த அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அதை யாரும் எந்த சாரிடமும் கேட்டதில்லை.

பழைய தெருக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார். முட்டிவலியோடு குனிந்து, அம்மாவின் முகத்தைத் தடவி, “என்ன விட்டுட்டுப் போயிட்டியேடி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து, “பாப்பா, அவசரமா வருது. சக்கர வந்ததிலேர்ந்து அடக்க முடியல” என்றார்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். அதன் முன்னால் கூட்டம் நின்றது. வழிவிடச் சொல்ல நான் எழுந்தேன்.

“நீ ஏன் எழுந்திரிக்கிற, குந்து. நான் வூட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு அத்தை தெருவைக் கடந்து போனார். வூடு என்று அவர் சொன்னது எதிர்வீட்டைத்தான். பழக்கம். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

இங்கிருந்தே பார்த்தேன். வரவேற்பறையில் இருந்த பெண் எழுந்து வந்து மறித்தாள். அத்தை உள்ளே கையைக் காட்டி என்னவோ சொன்னார். அந்தப் பெண் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அத்தையின் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அத்தை திரும்பினார். வேகமாக நடக்கப் பார்த்தார். முட்டி விடவில்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டார். புடவை நனைந்து, காலடியில் ஈரம் பரவியது. மாடியில் ஒருவர் பந்தலையும் கூட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அவரை அணைத்து உள்ளே கூட்டிவந்து, அம்மாவின் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் மாற்றிக்கொண்டிருந்தபோதே எதிர்வீட்டுக்குப் போனேன். என்னென்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அந்தப் பெண் தவளக்குப்பம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண். அடிக்கடி பார்த்துச் சிரிப்பவள்தான். அழுதுகொண்டே சொன்னாள்:

“அக்கா, கெஸ்ட்டத் தவிர யாரையும் வுடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வுட்டா என்ன வேலைய வுட்டு அனுப்பிருவாங்கக்கா.”

தம்பி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். “இன்னைக்கு வேணாம்க்கா, வா.” வீட்டில் அத்தை அம்மாவின் புடவையில் உட்கார்ந்திருந்தார். “அந்தப் பொண்ண ஏன் திட்டற? கையெழுத்து போட்டுக் குடுத்தவ நானு” என்றார்.

மாலை வரை வைத்திருக்கலாம் என்று முதலில் பேச்சு. மத்தியானத்துக்கு முன்பே எடுத்தோம். மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆனால் அடிக்கவில்லை. தெருமுனை தாண்டித்தான் மேளம் என்று தம்பி மேனேஜரிடம் ஒப்புக்கொண்டிருந்தான்; என்னிடம் சொல்லவில்லை. அம்மா எங்கள் தெருவைச் சத்தமில்லாமல் கடந்து போனாள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றோம். அந்தப் பக்கம் போனபிறகு மேளம் கேட்டது.

காரியத்துக்கு அத்தை வரவில்லை. புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டு மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மூலக்குளம் போய்ப் பார்த்தேன். தோசை சுட்டுப் போட்டார், ஊர்க்கதை எல்லாம் பேசினார். “தெருப்பக்கம் வாங்கத்தை” என்றதற்கு மட்டும், “அங்க எனக்கு என்னா இருக்கு?” என்றார். நான் இருக்கிறேனே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

காரியம் முடிந்த வாரமே தம்பி, “நாமளும் குடுத்துடலாம்க்கா” என்றான். முடியாது என்றேன். இப்போது போனில் எப்போதாவது பேசுகிறான், அதுவும் வீட்டைப் பற்றித்தான். நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. பாசம் என்று சொன்னால் பொய். இந்தத் தெரு மேல் எனக்கு இப்போது இருப்பது ஆத்திரம். ஆனால் வேறு எந்தத் தெரு மேலும் எனக்கு அதுகூட இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். வீட்டைப் பேசி முடித்துவிட்டார்களாம். “கோச்சிக்காத பாப்பா. வண்டி ஏத்தற அன்னைக்கு நீ வந்து நின்னா எங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்” என்றார்.

சரிண்ணே என்றேன். வண்டி ஏற்றிய அன்று காலை அவர்கள் கதவு திறப்பதற்கு முன்பே ஆபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.