திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை அமெரிக்கத் தூதரகத்தில் விசா அதிகாரி கேட்டார், படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாயா என்று.

"கட்டாயம் வருவேன். இங்கே எனக்குப் பெண் நிச்சயமாகியிருக்கிறது" என்றேன். சிரித்துக்கொண்டே விசா தருவதாகச் சொல்லிவிட்டார்.

வாசலில் காத்திருந்த வருங்கால மாமனாரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"திரும்பி வரேன்னா சொன்னேள்?"

"அப்படிச் சொன்னாத்தானே மாமா விசா குடுப்பா?"

"சும்மா சொன்னேளா, நெஜமாவே வரப்போறேளா?"

எனக்கே தெரியவில்லை. மயிலாப்பூருக்கு பஸ் ஏறினோம். இறங்கும்போது, "அமெரிக்கா மாப்பிள்ளைன்னுதான் ஒத்துண்டோம்" என்றார்.

வீட்டில் உட்கார முடியாமல் குளத்தைச் சுற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அமெரிக்கா என்னை உள்ளே விட்டுவிட்டது. மாமனார் வீட்டு வாசல்தான் சந்தேகம். நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?