சூளை வைரவனும் நான் கட்டிய சமாதிகளும்

என்னை வஞ்சித்தவன் செங்கல் சூளை வைரவன். பெயரை முதல் வரியிலேயே எழுதியாயிற்று. இனி மற்றதை நிம்மதியாகச் சொல்லலாம்.

சமாதி கட்டும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. குடிவரப் போகிறவர் எழுந்து வந்து குறை சொல்லமாட்டார். அப்படி நினைத்துத்தான் நானும் இதில் இறங்கினேன். கோயில் கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை செய்வதற்காகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தவன் நான். கோபுரம் முடிந்தது, வேலையும் முடிந்தது. சிராங்கூன் சாலையில் பூச்சுக் கரணையும் கையுமாக நின்றபோது கிடைத்தது இந்த வேலை. கூலிக்காரன் செத்தால் மண்மேடுதான். வெறுங்கையோடு வந்து பெரிய முதலாளியானவர்களுக்குத்தான் சமாதி. ஆகவே என் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். பெரிய மனிதர்களுக்கு உழைத்துவிட்டுப் பெயரை இன்னொருவனிடம் பறிகொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தனியாக வயிறெரிய வேண்டாம். துணைக்கு நான் இருக்கிறேன்.

படுத்துப் பார்த்தவர்

என் முதல் வாடிக்கைக்காரரே உயிரோடு வந்து குறை சொன்னார். அவர் தொங்கான் தவுக்கே. சரக்குப் படகைத்தான் இங்கே தொங்கான் என்பார்கள், சீன முதலாளியைத் தவுக்கே என்பார்கள். சீனாவிலிருந்து வந்து, பிறர் படகில் அரிசி மூட்டை சுமந்து, பிறகு ஒரு ஓட்டைப் படகை வாங்கி, கடைசியில் ஆற்றில் எந்தப் படகைக் கேட்டாலும் அவருடையது என்று சொல்லும்படி ஆனவர். சீனப் பணக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே சமாதியைக் கட்டி வைத்துவிடுவார்கள். கட்டி வைத்தால் ஆயுசு கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேலையை ஒப்புக்கொண்டவன் வைரவன். செங்கல் அவனுடையது. குன்றைச் செதுக்கி, லாடம் போல வளைத்துச் சுவர் எழுப்பி, முகப்பில் பூவும் பறவையும் செய்தது நான்.

தவுக்கேக்கு ஒரே ஒரு ஆசை. அங்கிருந்து பார்த்தால் கடலில் அவருடைய படகுகள் தெரிய வேண்டும். நின்று பார்த்தார், தெரிந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், தெரிந்தது. பிறகு பட்டுச் சட்டையோடு குழி வெட்டும் இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் பதறிப்போய்க் கூச்சல் போட்டார்கள். அவர் அசையவில்லை. தலையை மட்டும் தூக்கிக் கடல் பக்கம் பார்த்துவிட்டு, சந்தை மலாயில் என்னிடம் சொன்னார்: “படுத்தா பாய்மரம்தான் தெரியுது, படகு தெரியலை. நாளைக்கு எவனாவது என் மூட்டையைத் திருடினா நான் எப்படிப் பார்ப்பேன்? இன்னும் கொஞ்சம் உயர்த்து.”

நாற்காலி

உயர்த்திக் கொடுத்தேன். சமாதி முடிந்த அன்று குன்றிலேயே விருந்து. முழுசாக வாட்டிய பன்றி, வாத்து, தேநீர், மேளம். கல்யாண வீடு தோற்றுவிடும். தவுக்கே எழுந்து நின்று, “இவ்வளவு அழகாக் கட்டினது யாரு?” என்று கேட்டார். சுண்ணாம்புக் கையைக்கூடக் கழுவாமல் வெயிலில் நின்றிருந்த நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். எனக்கு முன்பே வைரவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். “நான்தான் தவுக்கே!” என்றான். அவனுக்குத் தவுக்கேயின் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். சிவப்புப் பட்டுப் போர்த்தினார்கள். எனக்கு வாத்தில் ஒரு கழுத்து கிடைத்தது.

அன்றிலிருந்து ஊரில் எல்லாருக்கும் அவன்தான் சமாதி வைரவன். நான் வைரவன் ஆள். நானே போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் சொன்னால் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். மறைத்தவன் வாயால், நாலு பேர் முன்னால், அந்தச் சமாதியைக் காத்தமுத்து கட்டினான் என்று வரவேண்டும். எனக்குச் சேரவேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். திரும்பி வரும் வழியில், மாட்டு வண்டியில் வைத்தே கேட்டுவிட்டேன். போர்த்திய பட்டை மடித்துக்கொண்டே சொன்னான்: “அதனால என்ன காத்தமுத்து, வாய் தவறி வந்திருச்சு. அடுத்த விருந்துல எல்லாரும் இருக்கிறப்ப சொல்லிடுறேன்லா.”

இரண்டு காவல்காரர்கள்

கொஞ்ச நாளில் தவுக்கேக்கு வேறொரு கவலை வந்தது. சமாதிக்குக் காவல் வேண்டும். கிடங்கு வாசலில் சீக்கியக் காவல்காரர் நிற்பதுபோல் இங்கேயும் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஆனால் பொம்மையாக. உத்தரவு வைரவனுக்குப் போனது, வேலை எனக்கு வந்தது. தலைப்பாகை, தடி, பூட்ஸ் எல்லாம் செய்துவிட்டேன். முகத்துக்குத்தான் மாதிரி வேண்டியிருந்தது. கிடங்குக் காவல்காரரைக் கேட்டேன். சாகும் முன்னே என்னைச் சமாதியில் நிறுத்தப் பார்க்கிறாயா என்று தடியை ஓங்கிவிட்டார்.

என் கைக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகம் ஒன்றுதான் இருந்தது. அதை நினைத்துக்கொண்டுதானே தினமும் தூங்கப் போகிறேன்! தடித்த புருவம், வெற்றிலை அடக்கிய கன்னம், யாரிடமோ எதையோ வாங்கிவிட்ட திருப்தி. தாடியை மட்டும் சேர்த்து, இரண்டு பொம்மைக்கும் வைரவன் முகத்தையே வைத்தேன். வெயிலிலும் மழையிலும் நிற்கட்டும் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. வர்ணம் பூசி முடித்த அன்று வைரவன் பார்க்க வந்தான். என் கூட்டாள் இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவருக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். வைரவன் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மோவாயைத் தடவினான். பிறகு சொன்னான்: “இந்த ஆளு யாருய்யா? முகத்துல என்ன ஒரு களை! திருட்டுப்பய எவனும் கிட்ட வரமாட்டான்.”

இறக்கை வைத்த பெண்

ஒரு வெள்ளைக்காரத் துணி வியாபாரி காலமானார். லண்டன் துணியை மூட்டையில் சுமந்து விற்க ஆரம்பித்து, பிறகு ஆற்றங்கரையில் மாடிக் கடை வைத்தவர். அவர் கல்லறையில் இறக்கை வைத்த ஒரு தேவதை நிற்க வேண்டும் என்றார் அவருடைய மனைவியான மேம். அவர்கள் கடையில் கணக்கெழுதும் கிராணி ஒரு தமிழர், அவர் என்னைத் தேடி வந்து ஒரு படம் கொடுத்தார். படம் உள்ளங்கையளவு. இறக்கை தெரிந்தது, நீளமான அங்கி தெரிந்தது. மற்றதெல்லாம் புகை மாதிரி இருந்தது.

தெரியாததைக் கை தனக்குத் தெரிந்தபடி செய்துகொண்டது. கோபுரத்தில் பழகிய கை. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்தது. காதில் தோடு வைத்தது. மூக்கில் மூக்குத்தி குத்தியது. அங்கிக்குக் கீழே தெரிந்த காலில் கொலுசும் போட்டது. நான் விழித்துக்கொண்டபோது, இறக்கை முளைத்த ஒரு அம்மன் என் முன்னால் நின்றாள். கிராணி பார்த்துவிட்டு, “என் உத்தியோகம் போச்சு!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மேம் வந்தார். குடையைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம், அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதைக் கிராணி எனக்குத் தமிழில் சொன்னார்: “உயிரோட இருந்தப்ப இவ்வளவு அழகான ஒருத்தியை அவர் பக்கத்துல நான் நிக்கவிட்டதே இல்லை. இப்ப நிக்கட்டும், பாவம்.”

ஒழுகாத கூரை

வாசனைச் சரக்குக் கடை மரைக்காயர் நாகப்பட்டினத்துக்காரர். கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கி விற்றே கப்பலில் பங்கு வைத்திருந்தவர். என்னை எங்கே கண்டாலும் நிறுத்துவார். “காத்தமுத்து, எனக்குத் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மூன்றாவது கல்லை வைத்தாயோ, மறுமையில் உன்னைப் பிடித்துக் கேட்பேன்” என்பார். அவர் மௌத்தான கொஞ்ச நாளில் மகன்கள் இருவரும் வந்தார்கள். வாப்பாவின் அந்தஸ்துக்கு நாலு தூணும் மேலே ஒரு குவிமாடமும் வேண்டும் என்றார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசைதான். குவிமாடம் கட்டினால் ஊரே அண்ணாந்து பார்க்கும். இதையாவது வைரவன் தன்னுடையது என்று சொல்லமுடியாது. ஆனால் மரைக்காயர் விரலை ஆட்டிப் பேசியது கண்ணிலேயே நின்றது. மகன்களிடம் மென்று விழுங்கினேன். திரைக்குப் பின்னால் இருந்து அவர்கள் உம்மா குரல் கொடுத்தார்: “தம்பி, எங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு அவுககிட்ட வருசக்கணக்காச் சொன்னேன், ஒரு ஓடு மாத்தலை. கூரையே பிடிக்காத மனுசனுக்கு எதுக்கு மண்டபம்? அந்த ஓடுகளை இங்க வந்து மாத்திக் குடுங்க.”

இலை போட்டாச்சு

எங்களில் சிலர் எரிப்பார்கள், சிலர் புதைப்பார்கள். வைரவன் வகையறா புதைப்பவர்கள். தவுக்கேயைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் சமாதி ஆசை வந்துவிட்டது. தான் மாட்டு வண்டியில் களிமண் அடித்தவன், இன்று ஊரில் பாதிச் சுவர் தன் செங்கல், தனக்கென்ன குறை என்று என்னிடம் வந்தான். நான் கரணையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சமாதி முடிகிற அன்று விருந்து வைக்க வேண்டும், தவுக்கேயை அழைக்க வேண்டும், அவர் முன்னால் அந்தப் பழைய வார்த்தையைச் சொல்ல வேண்டும். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான்.

எதிரிக்குக் கட்டுகிறோமே என்று நான் குறை வைக்கவில்லை. என் கையில் அதைவிட நல்ல வேலை இன்றுவரை வந்ததில்லை. விருந்தன்று பந்தல் நிறைந்த கூட்டம். தவுக்கே விசிறியோடு முன் நாற்காலியில். வைரவன் எழுந்தான். செங்கல்லைப் பற்றி ஆரம்பித்தான். களிமண்ணை எங்கே எடுத்தான், எப்படி மிதித்தான், எத்தனை விறகு எரித்தான் என்று போனான். நான் தொண்டையைச் செருமினேன். அவனும் செருமிவிட்டுச் சூளைப் புகைபோக்கிக்குப் போனான். அதற்குள் சாம்பார் வாசனை வந்துவிட்டது. கூட்டம் முழுவதும் பந்திக்கு எழுந்து ஓடியது, தவுக்கேயும் ஓடினார். வைரவன் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: “இலை போட்டாச்சு காத்தமுத்து. இப்ப போய்ச் சொன்னா யார் காதுல விழும்?”

சாட்சிகள்

அந்த மழைக்காலத்தில் தவுக்கே காலமானார். அவரைக் குன்றில் வைத்து நானே மூடினேன். படகுகள் நன்றாகத் தெரிந்தன. மூத்த மகன் வந்து, அப்பாவுக்கு இவ்வளவு நல்ல இடம் கட்டினீர்களே என்று வைரவனின் கையைப் பிடித்து அழுதார். பக்கத்தில் நின்ற இரண்டு சுதைக் காவல்காரர்களும் வைரவன் முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்து வைரவனே காய்ச்சலில் படுத்தான். வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார் என்று செய்தி வந்தது. அவன் போய்விட்டால் என் வார்த்தையும் கூடவே போய்விடும். தவுக்கேயின் மகன், கோயில் தர்மகர்த்தா, அன்று குன்றிலிருந்து எங்களை ஏற்றி வந்த வண்டிக்காரர் மூவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

கட்டில் பக்கத்தில் மூவரையும் வரிசையாக நிறுத்தினேன். “முதலாளி, எல்லாரும் வந்திருக்காங்க. சொல்லிருங்க” என்றேன். வைரவன் கண்ணைத் திறந்தான். தர்மகர்த்தாவைப் பார்த்தான், தவுக்கே மகனைப் பார்த்தான், வண்டிக்காரரையும் பார்த்தான். உதடு அசைந்தது. நான் காதை அவன் வாயருகே கொண்டுபோனேன். ஆனால் அவன் எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல கணீர்க் குரலில் சொன்னான்: “நாலு பேரைக் கூட்டிட்டு வந்து நிக்கிறியே, சொன்னப்புறம் நான் பிழைச்சுக்கிட்டா ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுவேன்? கொஞ்சம் கஞ்சி கொண்டாரச் சொல்லு.”

இன்னும் காலி

பிழைத்துக்கொண்டான். கஞ்சி குடித்தான், மறுவாரம் ஆட்டுக்கால் சூப் குடித்தான். இப்போது சாயங்காலமானால் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போய், நான் கட்டிய சமாதி மேடையிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறான். அவன் இருமினால் நான் சந்தைக்கு ஓடுகிறேன். தேக்காவில் தூதுவளை வாங்கி ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன். பனியில் உட்காராதீர்கள் என்று துண்டைத் தலையில் சுற்றிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எங்களை அண்ணன் தம்பி என்கிறார்கள். நேற்று ரசத்தைக் குடித்து முடித்து, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “உனக்கு நான் ஒரு வார்த்தை பாக்கி வச்சிருக்கேன்ல? அது இருக்கிற வரைக்கும் இந்த ரசம் நிக்காது. நான் என்ன முட்டாளா?”

ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடைசி வீடு கட்டிக்கொடுத்த நான், இப்போது இந்த ஒருவன் மட்டும் தன் வீட்டுக்குக் குடிபோய்விடாமல் வாசலில் நின்று காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.