மேல்வீட்டு ஒரு மணி நேரம்

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை, மீதிக் கன்னம் மழமழவென்று. சட்டைப் பொத்தான்கள் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கின்றன. வலது காலில் தன் செருப்பு, இடது காலில் மனைவியுடையது. "நாலு வந்துடுச்சுக்கா! ஒரு மணி நேரம்!" என்று என் கதவைப் பார்த்துக் கத்திவிட்டு, மேல்வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தடதடவென்று படியிறங்கித் தெருவுக்குப் போகிறார். மணி ஏழு பத்து. சரியாக எட்டு பத்துக்கு வருவார். எட்டு ஒன்பதுக்கே வந்துவிட்டால் வாசலில் ஒரு நிமிடம் நின்று வானத்தைப் பார்ப்பார்.

நாலு என்பது கோபத்தின் அளவு. பத்துக்கு நாலைத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். குடிக்கக் கூடாது, வண்டி எடுக்கக் கூடாது, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வர வேண்டும். மனைவியை அடிக்கும் ஆண்களுக்காக நூலகத்து மாடியில் வியாழன்தோறும் மனநல சிகிச்சை வகுப்பு ஒன்று நடக்கிறது. எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்களாம். நம் மெக்கானிக்கை நீதிமன்றம் அனுப்பிவைத்தது. வாடிக்கையாளர்களிடம் "புது மாடலுக்கு ட்ரெய்னிங்" என்று சொல்லிவிட்டு, ஆதாரத்துக்கு ஸ்க்ரூடிரைவர் பையையும் தூக்கிக்கொண்டு போகிறார்.

அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் போன வருடம் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி வெளியே போக முயன்றபோதெல்லாம் இந்த மனிதர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அவளைப் பிடித்து இழுத்ததில் படியில் உருண்டு மணிக்கட்டு உடைந்தது. அதற்கு முன் எத்தனையோ நாள் என் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது, நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். வெட்கக்கேடு. வேறு வார்த்தை இல்லை.

ஏழு மாதம் தன் அக்கா வீட்டில் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். வரும்போதே ஒரு பையில் நாலு துணியும் முக்கியமான காகிதங்களும் வைத்து என்னிடம் கொடுத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. வகுப்பு முடியிற வரைக்கும் பாப்பேன். மறுபடி வழிமறிச்சு நின்னார்னா, இதை எடுத்துட்டு ஒரேயடியா போயிடுவேன்." அவள் குரலில் அழுகை இல்லை. ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

மெக்கானிக்குக் கோபத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்தது. "நான் நல்லவன்தான்க்கா. வோல்டேஜ் ஏறுனா ஃபியூஸ் போயிடுது, அவ்வளவுதான்." இதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறார். அங்கே ஆலோசகர் ஒரு ஒல்லியான அம்மாள். அவர் சாவகாசமாகக் கேட்டாராம்: "போன வாரம் ஒரு கஸ்டமர் உங்களைத் திட்டினார்னு சொன்னீங்களே, அப்ப ஃபியூஸ் போகலையா?"

"இல்லைங்க மேடம், கஸ்டமராச்சே."

"உங்க முதலாளிகிட்ட?"

"ஐயோ, வேலை போயிடும்."

"அப்ப ஊர் முழுக்க நல்லாத்தான் தாங்குது. வீட்டு லைன்ல மட்டும் ஃபியூஸை நீங்களே பிடுங்கிடறீங்களோ?"

வீட்டில் புலி, வெளியில் எலி என்று சும்மாவா சொன்னார்கள்! மனிதர் அன்று வகுப்பிலிருந்து திரும்பி என் வாசற்படியில் உட்கார்ந்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஃபால்ட்டை எவனும் காட்டினதில்ல" என்றார். அதன்பின் மூன்று நாள் யாரிடமும் வோல்டேஜ், ஃபியூஸ் பேச்சே எடுக்கவில்லை.

அதற்காக ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் உள்ள வசதி அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பாத்திரம் தேய்க்கச் சொன்னால் நாலு வந்தது. மெத்தையை வெயிலில் போடச் சொன்னால் நாலு வந்தது. மாமனார் ஃபோனில் கூப்பிட்டபோது நேராக ஆறே வந்துவிட்டது. தெருக்கோடி மருந்துக்கடைக்காரர் இவருக்கென்று ஒரு ஸ்டூலே போட்டுவிட்டார்; தெருவில் அவர் பெயரே 'ஒரு மணி நேரம்' என்று ஆகிவிட்டது. ஆலோசகர் மாதம் ஒரு முறை மனைவிமார்களைத் தனியாக ஃபோனில் விசாரிப்பார் என்பது மட்டும் நம்மவருக்கு மறந்துவிட்டது. குட்டு வெளிப்பட்டது. "கோபத்துக்குப் பயந்து கிளம்பினா அது பயிற்சி. பாத்திரத்துக்குப் பயந்து கிளம்பினா அதுக்குப் பேரு ஓட்டம்" என்று எட்டுப் பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, ஒரு நோட்டையும் கையில் கொடுத்தார். வெளியே இருக்கும் ஒரு மணி நேரத்தில் என்ன யோசித்தார் என்று எழுத வேண்டும்.

முதல் பக்கத்தை எனக்குக் காட்டினார். "நாய் மூன்று பார்த்தேன். ஒன்று நொண்டி." இரண்டாம் பக்கம்: "அவள் தப்பு." மூன்றாம் பக்கமும் அதேதான். ஆறாம் பக்கத்தில்தான், "நான் வரும் சத்தம் கேட்டால் அவள் டிவியை அணைக்கிறாள். ஏன் என்று தெரியும்" என்றிருந்தது. அதை நான் படிக்கும்போது மட்டும் மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.

போன ஞாயிறு மாலை. வீட்டில் ஏற்கெனவே ஓடாத ஃப்ரிட்ஜ் மூன்று. ஒன்றில் அவள் துணி மடித்து வைத்திருக்கிறாள், ஒன்றில் இவர் ஸ்பேனர்கள், மூன்றாவதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த லட்சணத்தில் "சும்மா குடுத்தான், விட மனசில்ல" என்று நாலாவதைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டார். பேச்சு தடித்தது. சத்தம் கேட்டதும் நான் படியேறிப் பாதியில் நின்றேன்.

மெக்கானிக் வாசலுக்கு வந்துவிட்டார். "நாலு! நான் கிளம்பறேன்!"

"நில்லுங்க" என்றாள் அவள். "தினம் நீங்களே போனா எப்படி? எனக்கு ஏழு. இன்னிக்கு நான் போறேன்."

அவர் திருதிருவென்று விழித்தார். "நீயா? அது... அது எங்க வகுப்புல சொல்லிக்குடுத்ததாச்சே!"

"வழி விடுங்க."

அவர் உடம்பு வாசலை முழுதாக அடைத்திருந்தது. அவர் கை, பழக்கதோஷம், மெல்ல எழுந்து கதவு நிலையைப் பிடித்தது. அவள் ஓரடி பின்னால் போனாள். கீழே ஓடிப் பையை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மெக்கானிக் தன் கையைத் தானே நிமிர்ந்து பார்த்தார், வேறு யாருடையதோ போல. நிலையை விட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு வந்து, சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, அத்தனை பெரிய தொப்பையையும் மூச்சடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் அவரைக் கடந்து, என்னையும் கடந்து, நிதானமாக இறங்கினாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை, முகம் சிவந்து கண் பிதுங்க, அவர் அந்தத் தொப்பையை வெளியே விடவில்லை.