நாற்பது பற்றிஸும் ஏழிலொரு பங்கு தண்ணியும்

பனிச்சங்கேணிக் கேதீஸ்வரியைப் பற்றிச் சொல்லுவதென்றால் முதலில் அவளுடைய குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வயது முப்பத்திமூன்று. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவள் "என்ன சத்தம் அங்க?" என்று ஒருதரம் கேட்டால் போதும், பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கிவிடும். களப்பில், அதாவது கடலோரத்துக் காயலில், மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் குரல் தானாக வாய்த்துவிடுகிறது. நடுக் களப்பில் தோணியில் நிற்கிற ஆளோடு கரையில் நின்றபடியே சண்டை பிடித்து வளர்ந்தவர்கள் அல்லவா!

அப்படிப்பட்டவள் எட்டு மாதமாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள் என்றால், அது எப்பேர்ப்பட்ட விஷயமாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். மூன்று வருடமாக அவள் சனி ஞாயிறுகளில் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறி, எண்முறைக் கணிதத்தில் எம்ஃபில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எண்முறைக் கணிதம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சரியான விடை அகப்படாத கணக்குகளிடமிருந்து கிட்டத்தட்டச் சரியான விடையைக் கம்பியூட்டரை வைத்துக் கறந்தெடுக்கிற வித்தை, அவ்வளவுதான். அவள் கறக்கப் பார்த்தது களப்பை. மாரி மழையில் களப்பு பெருகினால் தண்ணி எங்கெங்கே ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. களப்பையும் அதன் கரைகளையும் வரைபடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சில வினாடிக்கு ஒருக்கால் கணக்குப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். நல்ல புரோகிராம். படம் வேறு அழகாக நீல நிறத்தில் வரும்.

இந்த மாதிரிப் புரோகிராமுக்கு ஒரு சோதனை உண்டு. களப்பு கடலில் விழுகிற முகத்துவாரத்தை மண் போட்டு அடைத்த மாதிரி வைத்துக்கொள்வது, மழையையும் நிறுத்திவிடுவது. அப்போது மொத்தத் தண்ணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேதீஸ்வரி அப்படியே செய்து, பத்து நாள் ஓடவிட்டுப் பார்த்தாள். ஏழில் ஒரு பங்கு தண்ணியைக் காணவில்லை. வெயில் குடித்துவிட்டதென்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் புரோகிராமுக்குள் வெயிலே கிடையாது. சமன்பாடுகளை மாற்றிப் பார்த்தாள், கட்டங்களைச் சிறிசாக்கிப் பார்த்தாள், கடைசியில் கம்பியூட்டருக்கு ஏசியும் பார்த்தாள். தண்ணி மட்டும் போன இடம் தெரியவில்லை.

அப்போதே மேற்பார்வையாளர் ஜெயராஜாவிடம் சொல்லியிருக்கலாம். பாவி மனிசி சொல்லவில்லை. அந்தச் சோதனையைப் பார்த்தாயா என்று அவர் ஒரு நாள் அவசரத்தில் கேட்டபோது, "அதெல்லாம் பாத்திட்டன் சேர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பார்த்தது உண்மைதானே! பார்த்ததில் என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு கிழமை போனதும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் போனதும் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

இந்த நிலையில்தான் முன்னேற்றப் பேச்சுக்குத் திகதி குறித்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் துறை மண்டபத்தில் அரைமணி நேரம் பேச வேண்டும், பிறகு கால்மணி நேரம் கேள்வி. எல்லாம் முடிந்து குழுத் தலைவர் பேராசிரியர் நல்லரத்தினம் படிவத்தில் கையெழுத்து வைத்தால் ஆராய்ச்சி தொடரும், வைக்காவிட்டால் பதிவு ரத்து. கேதீஸ்வரி ஏற்கெனவே ஒருமுறை தவணை கேட்டு வாங்கியவள், இன்னொரு தவணை கிடையாது. "தண்ணி எங்க?" என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், மூன்று வருட பஸ் பயணமும் களப்போடு போய்விடும்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவர்தான் அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும், கேள்விகள் முடியும்வரை பெட்டியில் கை வைக்கக் கூடாது. யார் தொடங்கி வைத்தார்களோ, சட்டம் மாதிரி ஆகிவிட்டது. கேதீஸ்வரி கணக்குப் படித்தவள் என்பதால் இரண்டு வருடமாகப் பின்வரிசையில் இருந்து இதைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். பிஸ்கட் கொண்டுவந்தவர்களுக்குச் சராசரியாக ஒன்பது கேள்வி. கேக் என்றால் ஏழு. ஆறின ரோல்ஸுக்கு நாலு. சுடச்சுட ரோல்ஸ் கொண்டுவந்த ஒருவருக்கு இரண்டே கேள்விதான், அதில் ஒன்று கழிவறை எந்தப் பக்கம் என்பது. புள்ளிகளைப் போட்டுக் கோடு கீறிப் பார்த்தாள். மீனை மாவுக்குள் வைத்து மடித்துப் பொரிக்கிற பற்றிஸ், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வந்தால், கோடு பூச்சியத்தில் போய் இடித்தது.

ஏறாவூரில் பேக்கரி வைத்திருக்கிற மின்ஹாஜிடம் போனாள். வியாழக்கிழமை நாற்பது பற்றிஸ் வேண்டும், பதினொரு மணிக்கு ஒரு நிமிஷம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது, கொண்டுவந்து வைத்ததும் மூடியைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்னாள். கலியாண வீட்டுக்குக்கூட யாரும் இப்படி நேரம் குறித்துக் கேட்டதில்லை என்று மின்ஹாஜ் அதிசயப்பட்டார். ஆனாலும் மனிதர் தொழிலில் சுத்தம். பத்தரைக்கே ஓட்டோவுக்கு ஆள் சொல்லிவைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. நல்லரத்தினம், ஜெயராஜா, குழுவில் மற்ற இருவர், மிச்சம் விரிவுரையாளர்களும் மாணவர்களுமாக மொத்தம் இருபது பேர். பெரும்பாலும் களப்புக் கரைக்காரர்கள். நல்லரத்தினமே தன்னாமுனையில் பிறந்து களப்பில் நீந்திப் பழகியவர்தான். கேதீஸ்வரி ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினாள். நீலப் படங்களைக் காட்டினாள், சமன்பாடுகளைக் காட்டினாள். மொத்தத் தண்ணியின் கோடு உள்ள படத்தை மட்டும் முதல் நாளே எடுத்துவிட்டிருந்தாள். முடிவுரைக்கு வந்தபோது மண்டபத்து மணிக்கூட்டில் பதினொன்று. கதவு திறந்தது, பெட்டி வந்தது, மூடியும் திறந்தது.

கருவேப்பிலையும் மிளகுத்தூளும் போட்டு வதக்கிய மீன் வாசம் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எல்லாப் பேச்சிலும் ஐந்து கேள்வி கேட்கிற ஒரு விரிவுரையாளர் கொப்பியை மூடி வைத்தார். கேள்வி ஏதும் உண்டா என்று தலைவர் கேட்ட விதத்திலேயே இருக்கக் கூடாது என்பது விளங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் சாப்பிடுவோம் என்று அவர் பேனாவை எடுத்தார்.

பூச்சியம். அவள் கீறிய கோடு சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது!

கேதீஸ்வரிக்கு ஒரு மூச்சுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மூச்சில் கோபம் வந்தது. அது எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. எட்டு மாதம் நித்திரை கெட்டு, தனியாகக் கிடந்து மாரடித்திருக்கிறாள். களப்பிலே ஏழில் ஒரு பங்கைத் துலைத்தவள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறாள், இருபது படித்த மனிசருக்கு ஒரு பற்றிஸ் பெரிசாகப் போய்விட்டதா? இந்தக் கையெழுத்தோடு வெளியே போனால் இனி ஒருவரும் இதைக் கேட்கப் போவதில்லை, இந்தப் பாரத்தைச் சாகும்வரை தானே சுமக்க வேண்டும் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. விறுவிறுவென்று போய்ப் பெட்டியை மூடி, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை, வகுப்பறைக் குரல் வந்தது.

"ஒருத்தரும் சாப்பிட ஏலா. என்ட களப்பில தண்ணியக் காணல்ல. எட்டு மாசமாக் காணல்ல. நான் ஒருத்தருக்கும் சொல்லாம ஒளிச்சு வச்சிரிக்கன். அதக் கண்டுபிடிச்சுத் தந்திட்டு மறுகா சாப்பிடுங்க."

பக்கத்து மண்டபத்தில் நடந்த விரிவுரை நின்றது.

ஜெயராஜா எழும்பினார், பிறகு இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நல்லரத்தினம் பேனாவை மூடினார், பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. புரோகிராமைத் திரையில் போட்டு ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார்.

பசியோடிருக்கிற கணிதக்காரர்களைப் போல் சுறுசுறுப்பான ஆட்களை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கொப்பிகள் திறந்தன, கதிரைகள் திரைக்குக் கிட்ட நகர்ந்தன. ஒருவர் எல்லையைப் பார்த்தார், ஒருவர் எத்தனை வினாடிக்கு ஒருக்கால் கணக்கு ஓடுகிறதென்று பார்த்தார். ஐந்து கேள்விக்காரர் பதினொரு கேள்வி கேட்டார், பதினொன்றுக்கும் அவளிடம் சரியான பதில் இருந்தது. அவள் வாசித்துக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் ஆழம் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் அது காய்ந்த நிலம், ஆழத்தைப் பூச்சியமாக்கு என்ற வரியை வாசித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வரிக்குப் போனாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பியது. மேனுகா. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அந்த வருடம்தான் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவள், பேச்சுகளில் ஒரு வார்த்தை பேசாதவள்.

"அக்கா, அந்தப் பத்து சென்டிமீட்டர் தண்ணி எங்க போகுது?"

அது தண்ணி இல்லையே என்றாள் கேதீஸ்வரி. கரண்டைக்கால் மட்டும்தானே.

"எங்க தோட்டத்துல தண்ணி விழுற பீலிக்குக் கீழ அவ்வளவு தண்ணி நின்னா, நாங்க குடத்த வச்சி நெரப்பிருவோம்க்கா" என்றாள் மேனுகா.

களப்புக் கரையில் பிறந்த பதினாறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கரண்டைக்கால் தண்ணியை அவர்கள் எவரும் வாழ்நாளில் தண்ணி என்று சொன்னதில்லை. தோணி ஓடாது, வலை வீச முடியாது, சாரத்தை உயர்த்தாமலே நடந்து போகலாம், அதற்குப் பெயர் தரை. கேதீஸ்வரி தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் புரோகிராமுக்குள் எழுதியிருந்தாள். அவளுடைய வீட்டாட்களைப் போன்ற மற்ற எல்லோரும் அந்த வரியைக் கேட்டு, சரிதானே என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கம்பியூட்டருக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியுமா? களப்போரத்தில் மெல்லிசாகப் பரவுகிற தண்ணியை, மேசையில் சிந்தின தேத்தண்ணியைத் துடைக்கிற மாதிரி, சில வினாடிக்கு ஒருக்கால் துடைத்துத் துடைத்து எறிந்துகொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே வரியை மாற்றினாள். மெல்லிசுத் தண்ணி ஓடத் தேவையில்லை, ஆனால் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கட்டங்களைப் பெரிசாக்கி ஓடவிட்டார்கள். பத்து நாள் கணக்கு முடியப் பதினொரு நிமிஷம் எடுத்தது, ஒருவரும் எழும்பிப் போகவில்லை. மொத்தத் தண்ணியின் கோடு திரையில் இடமிருந்து வலமாக, ஒரு மயிரிழையும் சரியாமல் நேராகப் போய் முடிந்தது. கேதீஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். சிரிப்பு வந்தது.

கை தட்டினார்கள். மேனுகாவுக்கும் சேர்த்துத்தான். ஜெயராஜா மட்டும் தட்டவில்லை. அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் புதிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய படத்தில் வெள்ளையாகக் கிடந்த கரையோரமெல்லாம் இப்போது வெளிர்நீலமாக இருந்தது.

"இது சித்தாண்டிப் பக்கம்" என்று ஒரு இடத்தில் விரலை வைத்தார். "எங்கட வட்டை. முழுக்க வயல். விதைச்ச கையோட ஒம்பது பத்து நாள் இவ்வளவு தண்ணி நிண்டா நெல்லு அழுகிரும்."

அவர் அவளுக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்துவாரத்து மண்ணை வெட்டிக் களப்புத் தண்ணியை எப்போது கடலுக்கு விடுவது என்று பேசுகிற கூட்டத்துக்கு அவளுடைய படத்தை அடுத்த மாதம் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அது அவளுக்கும் தெரியும். பழைய படம்தான் போயிருக்கும். அந்த வயலெல்லாம் காய்ந்து கிடக்கிறது, அவசரப்பட்டு வெட்டத் தேவையில்லை என்று, கையெழுத்தும் முத்திரையுமாக அது சொல்லியிருக்கும். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பற்றிஸ் வாங்கியதாக அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

இதற்கிடையில் நல்லரத்தினம் படிவத்தை இழுத்து, தொடரலாம் என்று எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டுப் பெட்டியை நோக்கி எழும்பினார். கேதீஸ்வரி போய்ப் படிவத்தை எடுத்து அவரிடமே நீட்டினாள். இந்தமுறை சத்தம் போடவில்லை.

"இது பிழையான பேச்சுக்கு வச்ச கையெழுத்து சேர், எனக்கு வேணாம். அடுத்த வியாழன் சரியான படத்தோட திரும்பப் பேசுறன். அண்டைக்குக் கேள்வியெல்லாம் கேட்டுப்போட்டு வைங்க. சாப்பாடு கொண்டுவர மாட்டன்."

நல்லரத்தினம் படிவத்தை வாங்கினார். பிறகு கையெழுத்துக்கு மேலால் ஒரு கோடு இழுத்து, சரி புள்ள, அடுத்த வியாழன் பத்தரைக்கு என்றார். சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன அந்தக் கடைசிக் கதையை மட்டும் ஒருக்கால் யோசித்துப் பார்க்க முடியாதா என்றும் கேட்டார்.

"ஏலாது சேர்" என்றாள் கேதீஸ்வரி.