முகம் விழாத படம்

ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சும் கூப்பன் அரிசிக்கு வரிசையிலை நிண்ட காலம் அது. யாழ்ப்பாணத்திலை ஒரு ஆசுப்பத்திரியிலை எக்ஸ்றே எடுக்கப் பழகச் சேர்ந்திருந்தன். மெசினைக் கண்ணாலை பார்க்கலாம், தொடேலாது. முதல் பாடம் நோயாளியளோடை பழகிறதுதான். பயம் தெளியக் கதைக்கவேணும், நகைநட்டைக் கழட்டச் சொல்லவேணும், நெஞ்சைப் பலகையோடை அணைச்சு நிக்க வைக்கவேணும். எக்ஸ்றே எண்டு சொல்லிச் சனத்தை வெருட்டாதையுங்கோ, படம் எடுக்கிறம் எண்டு சொல்லுங்கோ எண்டு எங்களுக்குப் படிப்பிச்ச டொக்குத்தர் சொல்லியிருந்தார். நல்ல புத்திதான். அந்தச் சொல்லு என்ன பாடு படுத்துமெண்டு ஆருக்குத் தெரியும்!

ஒருநாள் காலமை கீரிமலைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் தன்ரை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டுப் பத்தொன்பது வயசிருக்கும். மாசக்கணக்கா இருமல், பின்னேரமானால் காய்ச்சல். ஊரிலை வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி, நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு அனுப்பியிருக்கிறார். பிள்ளை வந்த கோலத்தைப் பார்க்கவேணும்! பட்டுச்சீலை, அட்டியல், தலை நிறையப் பூ, முகத்திலை திட்டுத்திட்டாப் பவுடர். கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி. என்னோடை வேலை பழகின மற்றப் பெடியன் சிரிப்பை அடக்கேலாமல் வெளியிலை ஓடியிட்டான்.

நான் நகையைக் கழட்டச் சொன்னன். தகப்பனுக்கு விளங்கேல்லை.

"ஏன் தம்பி? அட்டியல் படத்திலை விழவேணுமெல்லோ? இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தனாங்கள்."

ஐயோ, அப்பதான் எனக்கு விளங்கினது. போட்டோ எண்டு நினைச்சு வந்திருக்கினம். தாயில்லாத பிள்ளை. பிறந்ததிலையிருந்து ஒரு படமும் எடுக்கேல்லையாம். இது உள்ளுக்கை இருக்கிற எலும்பையும் சுவாசப்பையையும் காட்டிற படம் எண்டு மெல்லச் சொன்னன்.

"அப்ப முகம் விழாதோ?"

"விழாது, ஐயா."

பிள்ளை சிரிச்சுக்கொண்டு அட்டியலைக் கழட்டித் தகப்பன்ரை சால்வைக்குள்ளை வைச்சுது. கிட்டத்தான் போட்டோக் கடை இருக்கு, இந்தக் கோலத்தோடையே போய் எடுங்கோவன் எண்டு நானும் சொல்லிப் பார்த்தன்.

"இப்ப வேண்டாம் அப்பு. வத்திப்போய்க் கிடக்கிறன். சுகம் வந்தாப்பிறகு வடிவா எடுப்பம்" எண்டுது பிள்ளை தகப்பனைப் பார்த்து.

பின்னல் தோளிலை முன்னுக்குக் கிடந்தது. தலைமயிரைத் தூக்கிக் கட்டாட்டில் படத்திலை நிழல் விழும் எண்டு படிச்சுத்தான் இருந்தன். ஆனால் ஒரு குமர்ப்பிள்ளையிட்டைத் தலைமயிரைப் பற்றிக் கதைக்க எனக்கு வெக்கம். பேசாமல் இருந்திட்டன். படம் பழுதாப் போச்சு. டொக்குத்தரிட்டை நல்ல பேச்சு வாங்கி, திரும்ப எடுத்தம்.

ரெண்டு சுவாசப்பையிலையும் கசம், அதுதான் காசநோய், பிடிச்சிருந்தது. அந்தக் காலத்திலை மருந்தெங்கை? பிள்ளைக்குச் சுகம் வரவேயில்லை.

கீரிமலையிலை மகளின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைச் செய்துபோட்டு, அடுத்த கிழமை தகப்பன் எங்கடை அறை வாசலிலை வந்து நிண்டார்.

"தம்பி, அந்தப் படத்தைத் தருவியளோ? முகம் இல்லாட்டிலும் பரவாயில்லை."

நல்ல படம் ஆசுப்பத்திரிக்குரியது, குடுக்கேலாது. பழுதானது எங்களுக்குப் பாடம் காட்டவெண்டு கிடந்தது. டொக்குத்தரைப் பார்த்தன். அவர் குடு எண்டு தலையாட்டினார்.

யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சு, இது தோள், இது நெஞ்சாங்கூடு, இது இருதயம் எண்டு காட்டினன். மனுசன் ஒவ்வொண்டா உத்துப் பார்த்தார். பிறகு தோளடியிலை விரலை வைச்சார்.

"இதென்ன தம்பி, வெளிறின கயிறு மாதிரி?"

"பின்னல், ஐயா."

"நான் பின்னிவிட்டது" எண்டார். அவ்வளவுதான், சால்வையாலை முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவெண்டு அழத் துவங்கியிட்டார். நானும் அழுதன். அந்தப் படத்தைச் சால்வைக்குள்ளை சுத்தி, பச்சைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரிக் கொண்டு போனார்.

அதுக்குப் பிறகு எத்தினையோ சனத்தைப் படம் எடுத்து, நானும் வேலையிலையிருந்து இளைப்பாறியிட்டன். அந்தத் தகப்பன் இப்ப இருக்கமாட்டார். அவள் சிரிச்ச முகம் இனி என்ரை ஞாபகத்திலை மட்டும்தான் கிடக்கு, நானும் போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு முகமே இல்லாமல் போயிடுமே எண்டு நினைக்க நெஞ்சு பதறுது.